வலது பட்டன்

அழகர்சாமியின் வலது தோளைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் மூக்கண்டபள்ளியின் அந்த லைன் வீடுகளில் கிடையாது. நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னவர்கள் உண்டு, எண்ணெயே ஆகாது என்றவர்களும் உண்டு. ஜவளகிரிப் பக்கம் வைத்தியர் ஒருவர் இருக்கிறார், ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று ஒருத்தர் சத்தியம் செய்தார். கடைசி வீட்டுப் பாப்பம்மா மட்டும், "அந்தப் பந்தைத் தூக்கிப் போட்டா தோளு தன்னால சரியாப் பூடும்" என்றாள். அன்றிலிருந்து பாப்பம்மாவைக் கண்டால் அழகர்சாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனான்.

அந்தத் தோள்தான் அவனை உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. சிப்காட்டில் கம்பெனிகளுக்குள்ளே வருஷா வருஷம் கிரிக்கெட் போட்டி நடக்கும். தை பிறந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்ச். வேகமாகப் பந்து போடுகிறவன் வேண்டும் என்று இரண்டு சக்கர வண்டிக்குத் தகடு அடிக்கிற ஒரு கம்பெனி அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. கூப்பிட்டது டீமுக்கு, வேலை போட்டுக் கொடுத்தது பிரஸ் ஷாப்பில், அதுவும் கான்ட்ராக்டில். "ரெண்டு சீசன் நல்லா போடு, பர்மனென்ட் பண்ணிடலாம்" என்று சொன்னார்கள். முதல் சீசன் நன்றாகத்தான் போட்டான். பாரூர் ஏரிக்கரையில் நடந்த ஒரு பொங்கல் மேட்சில் அவன் ஸ்டம்பைப் பறக்கவிட்டதைப் பார்த்த ஒருவன், அன்று சாயங்காலமே வந்து "எங்க தங்கச்சி ஒண்ணு இருக்குதுங்க" என்று பேச்சை ஆரம்பித்தான். அந்தத் தங்கச்சிதான் சத்யப்ரியா. அண்ணன் பார்த்தது மாப்பிள்ளையை இல்லை, பந்தைத்தான் என்று அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

கல்யாணம் ஆன வருஷமே தோள் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த சீசனில் நடந்ததைச் சத்யா இன்னும் மறக்கவில்லை. அவளும் மைதானத்துக்குப் போயிருந்தாள். அவன் ஓடி வந்தான், கையைச் சுழற்றினான், பந்து கீப்பர் தலைக்கு மேலே போய் வேலியில் விழுந்தது. அடுத்தது காலுக்கு வெளியே. அடுத்தது அவன் காலடியிலேயே குத்தி உருண்டது. "டேய், பெங்களூருக்குப் போடுறான்டா!" என்று யாரோ கத்த, மைதானமே சிரித்தது. கேப்டன் கமலக்கண்ணன் பந்தை வாங்கிக்கொண்டு அவன் முதுகில் தட்டி அனுப்பினார். அந்தத் தட்டு ஆறுதலுக்கா, போ என்பதற்கா என்று அழகர்சாமி ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் மார்கழியில் கமலக்கண்ணன் அவர்கள் வீட்டுக்கே வந்தார். மெயின்டனன்ஸ் இன்ஜினியர். படியில் நின்றபடியே பேசினார்.

"அழகர், முதல் மேட்ச் உனக்குத் தரேன். நான் எல்லார்கிட்டயும் சண்டை போட்டு வாங்கினது. அதுல சரியாப் போட்டா முழு சீசனும் நீதான். பங்குனியில பர்மனென்ட் லிஸ்ட் போடறாங்க, அதுல உன் பேரு இருக்கும். சரியாப் போடலைன்னா, கான்ட்ராக்டையும் நீட்ட மாட்டாங்க. மறைச்சுப் பேச எனக்கு இஷ்டம் இல்ல."

"போட்டுருவேன் சார். தோளு இப்ப எம்புட்டோ தேவல."

"தேவலைன்னா போதாது."

"சும்மா சொன்னேன் சார். நல்லா இருக்கு."

அவர் போனதும் சத்யா கேட்டாள். "நெசமாவே நல்லா இருக்குதா?"

"இருக்கும் புள்ள. நான் ஒரு வழி வச்சிருக்கேன்."

என்ன வழி என்று அவன் சொல்லவில்லை. சொல்லாததை நோண்டிக் கேட்கிற பழக்கமும் அவளுக்கு அப்போது இல்லை.

சத்யா தளி ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பூவைக் காம்பு நீளம் பார்த்துப் பிரித்து, இலை களைந்து, கட்டுப் போடுகிற வேலை. குளிர் அறையை ஒட்டிய கொட்டகையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். விரல் நுனிகளில் முள் ஏறாத இடம் கிடையாது. வீட்டுக்கு வந்து துணி துவைக்கும்போது சோப்புத் தண்ணீர் பட்டால் சுரீர் என்று எரியும். புருஷனின் நீலப் பேன்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கு வேறு. தேய்ப்பதற்கு முன்னால் பாக்கெட்டுகளில் கைவிட்டுப் பார்ப்பாள். பீடி குடிக்காத ஆள் என்பதால் கிடைப்பது பெரும்பாலும் டீக்கடைச் சில்லறைதான்.

மார்கழியில் ஒரு நாள் வலது பாக்கெட்டில் ஒரு கட்டைத் துண்டு கிடைத்தது. விரல் நீளம்தான், நடுவில் கொஞ்சம் தடித்து, இரண்டு முனையும் மெலிந்திருந்தது. அவளுக்கு அது என்னவென்று தெரியும். மூன்று ஸ்டம்பு தலையிலும் குறுக்கே வைக்கிற பெயில்ஸ். பாரூரில் அவன் தெறிக்கவிட்டதில் ஒன்றைக் கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கே காட்டியிருக்கிறான். மறுநாளும் அது பாக்கெட்டில் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. ராசிக்காக வைத்திருக்கிறான் என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். மனசு இளகிப்போயிற்று. கேட்டால் கூச்சப்படுவான் என்று கேட்கவும் இல்லை. ராத்திரி அதை எடுத்துச் சாமி படத்தின் முன்னால் வைத்து, மஞ்சள் தடவி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்து, காலையில் துவைத்த பேன்ட்டில் போட்டுவிட்டாள்.

அவன் அதைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். அவள் சிரித்தாள். அவன் அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு முதல் ஷிப்டுக்குப் போனான். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். கும்பிட்டுக் கொடுக்கிறவளிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டான் போலிருக்கிறது. கட்டை தினமும் சாமி முன்னால் படுத்து எழுந்து வேலைக்குப் போய் வந்தது.

மேட்சுக்கு முந்தின வாரம், பக்கத்து வீட்டு நாராயணம்மா பச்சை அவரைக்காய் ஒரு கூடை வாங்கி வந்தாள். அவள் புருஷன் திம்மப்பன் பிறந்தது தளிக்குப் பக்கம். வீட்டுக்குள் அவர்கள் கன்னடம் பேசுவார்கள், கோபம் வந்தால் தெலுங்கு, மற்றவர்களோடு தமிழ். அந்தக் குளிருக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பும் களியும் இருந்தால் வேறு ஒன்றும் கேட்காத ஆள் திம்மப்பன். ஊறவைத்த அவரைக்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிதுக்கினால் தோல் விரலில் தங்கி, பருப்பு மட்டும் வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். இரண்டு பெண்களும் வாசலில் வெயில் விழுந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"உன் ஊட்டுக்காரரு பலே ஆளும்மா" என்றாள் நாராயணம்மா. "ஒரு கையிலயே மிஷின் ஓட்டறாராமே? நேத்து இவரு சொல்லிச் சிரிக்கறாரு."

"ஒரு கையிலயா? எப்படிக்கா?"

"எனக்கு என்னா தெரியும்? ரெண்டு பட்டன் இருக்குதாம். ஒண்ணுல குச்சி சொருவிக்கிறாராம். நம்ம இவரும் அதே மிஷின்தானே, ரெண்டாவது ஷிப்டு. நம்ம இவரு உள்ள போறப்ப உன் ஊட்டுக்காரரு அதை எடுத்துட்டு வெளிய வராராம். அய்யோ, உனக்குத் தெரியாதா? நான் ஒருத்தி, வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டேன்."

"தெரியும்க்கா" என்றாள் சத்யா. அவள் விரலுக்கு நடுவே இருந்த கொட்டை நசுங்கிப்போயிற்று.

அன்று அவன் வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும் பெயில்ஸை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இது எதுக்குன்னு எனக்கு இப்பவே தெரியணும்."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு இரண்டு டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்தான். நடுவில் ஒரு தட்டு.

"இந்தா, இந்தத் தட்டுதான் டை. இதுல தகட்டை வைக்கணும். மேல இருந்து அடி விழுகும். ரெண்டு டம்ளரும் ரெண்டு பட்டன். ரெண்டையும் ஒரே நேரத்துல அமுக்குனாத்தான் அடி விழுகும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா, உள்ள கை இருக்காதுல்ல. அதுக்குத்தான்."

"சரி."

"இடது பட்டன் இடுப்புக்கு நேரா இருக்கு. வலதுல பேனல் இடிக்குதுன்னு தூக்கி இங்கிட்டு வச்சுட்டாய்ங்க." அவன் தோள் உயரத்தில் கையைத் தூக்கிக் காட்டினான். தூக்கும்போதே முகம் சுளித்தது. "ஒரு ஷிப்டுக்கு எத்தனை தடவைன்னு நெனைக்கிற? சாயங்காலம் பந்தை எடுத்தா கையில உசுரே இருக்காது. போன வருசம் அப்படித்தான் நாசமாப் போனேன். இந்தக் கட்டையை வலது பட்டன்ல சொருகிட்டா, அது அமுங்கினபடிக்கே இருக்கும். இடதை மட்டும் அமுக்குனாப் போதும். வலதுக்கு வேலையே இல்ல."

"அப்ப வலது கை உள்ள இருக்கறப்ப இடது கை பட்டுட்டா?"

"நான் என்ன கிறுக்கனா? பாத்துத்தான செய்யிறேன்."

"பட்டுட்டா?"

"படாது புள்ள."

"நீங்க பாத்துப்பீங்க. அடுத்தது வர்றது திம்மப்பண்ணா. அவருக்கு?"

அவன் சலித்துக்கொண்டான். "தினமும் எடுத்துட்டுத்தான வர்றேன்? நீயே பாக்கெட்ல பாக்குறல்ல? சூப்பர்வைசருக்கே தெரியும். பீஸு கூட வருதுன்னு கண்டுக்காம போறாரு. ஒரே ஒரு மேட்ச் சத்யா. அது முடிஞ்சா நானே எடுத்து அடுப்புல போட்டுருவேன். ஒன் தலைமேல சத்தியம்."

அவள் அந்தக் கட்டையை அடுப்பில் போட்டிருக்கலாம். போடத்தான் கை போயிற்று. ஆனால் அவன் வெறும் பந்தைச் சுவரில் எறிந்து எறிந்து பிடிப்பதையும், மைதானம் சிரித்த அன்று வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் வந்ததையும் பார்த்தவள் அவள். ஒரு மேட்ச்தானே என்று அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. மஞ்சள் வைப்பதை மட்டும் நிறுத்தினாள். பழைய மஞ்சள் கட்டையில் ஊறிப்போய் அப்படியே நின்றது, குங்குமமும்தான்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி கெட்டது. பண்ணையில் ரோஜாக் காம்பை வெட்டுகிற கத்தரியைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்த்தது. அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் வாங்க என்றுகூடச் சொல்லாமல் பாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பாள். கட்டை தட்டுப்படும். அப்புறம்தான் மூச்சு வரும். நாராயணம்மா கூட, "என்னாம்மா இது, ஊட்டுக்காரரு வந்ததும் கையைப் பாக்கெட்டுல விடற? சம்பளம் தேடறியா?" என்று கிண்டல் செய்தாள். திம்மப்பன் எதிரே வந்தாலும் அவர் கைகள்தான் அவள் கண்ணில் படும். தடித்த விரல்கள். அவரைக்கொட்டையை அவள் புருஷனைவிட வேகமாகப் பிதுக்குவார்.

மேட்ச் நாளும் வந்தது. வண்டிக் கம்பெனியிலிருந்து அவசர ஆர்டர் என்று பிரஸ் ஷாப்பில் ஞாயிறும் ஷிப்டு போட்டிருந்தார்கள். அழகர்சாமி விடியற்காலையில் பனியில் போய்ப் பாதி ஷிப்டு ஓட்டிவிட்டு, பர்மிஷன் வாங்கிக்கொண்டு பத்தரை மணிக்கு ஓடிவந்தான். வாசலில் கமலக்கண்ணன் பைக்கை நிறுத்தாமல் ஆரன் அடித்துக்கொண்டிருந்தார். நீல உடையைக் கழற்றி எறிந்தான், வெள்ளை உடையை மாட்டினான், நின்றபடியே இரண்டு இட்லியை முழுங்கினான். சத்யா தண்ணீரைக் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசி, அவன் வலது தோளை ஒரு தரம் அழுத்திவிட்டாள்.

"வலிக்குதா?"

"கொஞ்சங்கூட இல்ல புள்ள. பச்சப் புள்ள தோளு மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு, கட்டிய ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான். பயந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. "நீ வரலேல?"

"வரல. நான் வந்தா என்னையே பாப்பீங்க."

பைக் போயிற்று. அவள் சாமி படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். குழம்புக்கு அவரைக்கொட்டை ஊறிக்கொண்டிருந்தது. ஜெயித்து வந்தால் பிதுக்கம்பருப்பு என்று அவனிடம் சொல்லியிருந்தாள், தோற்று வந்தாலும் அதுதான் என்று மனசுக்குள் வைத்திருந்தாள். ஒன்றரை மணி வாக்கில் குழாயில் தண்ணீர் வந்ததும் துணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பேன்ட்டின் வலது பாக்கெட்டில் கைவிட்டாள்.

ஒன்றும் இல்லை.

இடது பாக்கெட், பின் பாக்கெட், சட்டைப் பை எல்லாம் பார்த்தாள். வீட்டுக்குள் ஓடி, அவன் உடை மாற்றிய இடத்தில் தரையைத் துழாவினாள். பாயை உதறினாள். சாமி படத்துக்குப் பின்னால், ஜன்னலில், சாப்பிட்ட தட்டுக்கு அடியில் என்று தேடினாள். வந்தவுடன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்கிறவள் இன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை. ஆரன் சத்தத்திலும் அவசரத்திலும் மறந்துபோனாள். தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

பதறிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். திம்மப்பன் ரெண்டாவது ஷிப்டுக்குத்தானே போவார், கிளம்புவதற்கு முன்னால் காதோடு சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் போய் முதல் வேலையாக அதைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அண்ணா இருக்காராக்கா?"

"அவரு அப்பவே பூட்டாரே" என்றாள் நாராயணம்மா. "கம்பெனியில இருந்து ஆள் வந்துது. உன் ஊட்டுக்காரரு விட்டுட்டு வந்த மிஷின் சும்மா நிக்குதாம், சீக்கிரம் வந்து ஓட்டுன்னு கூட்டிட்டுப் போனாங்கோ. என்னாத்துக்கு, எதுனா வேணுமா?"

"இல்லக்கா. கொஞ்சம் உப்பு."

நாராயணம்மா உப்பு எடுக்க உள்ளே திரும்பினாள். அவள் திரும்பி வந்தபோது சத்யா வாசலில் இல்லை.

லைன் வீடுகளுக்குப் பின்னால் தைலமரத் தோப்பு. தோப்பைத் தாண்டினால் தார் ரோடு பிரியும். வலது பக்கம் போனால் கம்பெனி கேட். இடது பக்கம் போனால் பஸ் பிடித்து ஊருக்குள் போய், மைதானம். பிரிகிற இடத்தில் சத்யா நின்றாள். ஒரு வேளை வெள்ளைப் பேன்ட்டில் மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருந்தால்? ராசி என்று அவளே அல்லவா பொட்டு வைத்துக் கொடுத்தாள்? மைதானத்தில் அவன் பாக்கெட்டில் கட்டை பத்திரமாக இருக்க, இவள் கேட்டில் போய் மிஷினில் இருக்கிறது என்று சொன்னால், அவன் வாழ்க்கையைத் தன் கையாலேயே முடித்த மாதிரி ஆகும். மைதானத்துக்குப் போய் அவனைக் கேட்டுவிட்டு வரலாம். போய் வருவதற்குள் திம்மப்பன் எத்தனை தகடு வைத்து எடுத்திருப்பார்?

தகட்டை வலது கையால் வைக்கும்போது இடது கை எங்கே இருக்கும்? இதை அவள் அவனிடம் கேட்டிருக்கிறாள். "எல்லாரும் இடதைச் சும்மா பட்டன் மேல வச்சிருப்போம். பழக்கம். வலதும் அமுங்கினாத்தான அடி விழும்" என்று அவன் சாதாரணமாகச் சொன்னான்.

அவள் வலது பக்கம் ஓடினாள்.

கேட்டில் செக்யூரிட்டி பரமசிவம் உட்கார்ந்திருந்தார். அழகர்சாமியைத் தெரிந்தவர், பந்தும் தெரிந்தவர். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "என்னாம்மா, மேட்ச் என்னாச்சு? சேதி எதுனா வந்துதா?"

"அண்ணா, பிரஸ் ஷாப்புல திம்மப்பன் இருக்காருல்ல, ஒரு நிமிஷம் வெளிய கூப்பிடுங்க."

"எதுக்கு?"

"அவரு சம்சாரத்துக்கு உடம்பு முடியல."

"அய்யய்யோ. இரும்மா." அவர் போனைச் சுழற்றினார். உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது. "மிஷின் சத்தத்துல எவனுக்கும் கேக்காது. டீ டைமுக்குப் பையன் உள்ள போவான், சொல்லி அனுப்பறேன்."

"இப்பவே வேணும்ணா."

"லைன்ல இருக்கற ஆளை நான் போய்க் கூப்பிட முடியாதும்மா. சூப்பர்வைசர் சொல்லணும். ரொம்ப முடியலையா? ஆட்டோ வச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் பின்னால அனுப்பறேன்."

உள்ளேயிருந்து பிரஸ் அடிக்கிற சத்தம் தரை வழியாகக் கால் வரைக்கும் வந்தது. பல மிஷின் ஒன்றுசேர்ந்த சத்தம். அதில் திம்மப்பனின் மிஷின் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவள் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன. சொல்லிவிட்டால் சிந்திய சொல்லை அள்ள முடியாது, அவன் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் நாளைக்கு நாராயணம்மா முகத்தில் எப்படி விழிப்பது? 

"பொய் சொன்னேன்ணா. அக்காவுக்கு ஒண்ணும் இல்ல. அந்த மிஷினை நிறுத்தச் சொல்லுங்க. வலது பட்டன்ல கட்டை சொருவியிருக்குது. இவரு எடுக்காம பூட்டாரு. இன்னிக்கு எடுக்கலைன்னு திம்மப்பண்ணாவுக்குத் தெரியாது. கை பூடும்ணா, கை பூடும்!"

 பரமசிவம் தொப்பியைக்கூட எடுக்காமல், வயசுக்கு மீறிய ஓட்டமாக உள்ளே ஓடினார்.

அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகு நேரம் யாரும் வரவில்லை. சத்தமும் நிற்கவில்லை. வந்தபோது முதலில் வந்தவர் சூப்பர்வைசர். பின்னால் பரமசிவம். அதற்கும் பின்னால், கையில் தண்ணீர் டம்ளரோடு, ஒன்றும் புரியாத முகத்தோடு திம்மப்பன். இரண்டு கையும் இருந்தது. சத்யா கேட்டடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தகடு வண்டி வரல, சும்மாதான் குந்தியிருந்தேன்" என்றார் திம்மப்பன், யாரையோ சமாதானப்படுத்துகிற மாதிரி. "ஏனில்லம்மா, ஏனில்ல. ஒண்ணும் ஆகல. இப்பதான் தகடு வந்து எறக்கறாங்கோ. நீ எழுந்திரு."

சூப்பர்வைசர் உள்ளங்கையை விரித்தார். அதில் பெயில்ஸ் இருந்தது. எண்ணெய்க் கறைக்கு நடுவே மஞ்சள் தெரிந்தது, குங்குமப் பொட்டும் தெரிந்தது.

"இதுக்குப் பூஜை வேற பண்ணி அனுப்பினீங்களாம்மா?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் கேட்டில் வெளியாள் வந்து சொல்லி, செக்யூரிட்டி ஓடிவந்து, பத்துப் பேர் பார்த்தாகிவிட்டது. இனி அவராலும் தெரியாத மாதிரி இருக்க முடியாது. "நாளைக்கு அவன் வேலைக்கு வரவேணாம். கான்ட்ராக்டரைப் போய்ப் பாக்கச் சொல்லுங்க."

"இன்னிக்கு மேட்ச் ஆடிக்கிட்டிருக்காரு சார்."

"ஆடட்டும். இன்னிக்கு ஆடட்டும்" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்தாள். துணி ஊறிய வாளி அப்படியே இருந்தது. துவைத்துக் காயப்போட்டாள். பிறகு உட்கார்ந்து அவரைக்கொட்டையைப் பிதுக்கினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெயில் சாயும்போது பைக் ஆரன் தெரு முனையிலிருந்தே கேட்டது. ஒன்று இல்லை, நாலைந்து. அழகர்சாமி முழங்காலெல்லாம் செம்மண்ணோடு இறங்கினான். கமலக்கண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கத்தினார். "சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் ஆறு விக்கெட்! இத்தனை நாள் எங்கதான் ஒளிச்சு வச்சிருந்தானோ!" பாப்பம்மா கூட வெளியே வந்து பார்த்தாள். அழகர்சாமி அவளுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். சத்யா தட்டு வைத்தாள். களியை உருண்டை பிடித்து வைத்து, குழம்பை ஊற்றினாள். அவன் சாப்பிடவே இல்லை. பேசினான். முதல் ஓவரில் கை நடுங்கியதும், மூன்றாவது பந்து விரலை விட்டுப் போகும்போதே இது சரியாகத்தான் போகிறது என்று தெரிந்ததும், போன வருஷம் சிரித்தவனே இந்த வருஷம் கைதட்டியதும் எல்லாம் சொன்னான். இரண்டாவது தடவை பந்து கேட்டு வாங்கினானாம், வரிசையாக மூன்று பேர் ஸ்டம்பு பறந்ததாம். அவள் குறுக்கே பேசவில்லை. முகத்தைச் சிரித்த மாதிரியே வைத்துக்கொண்டு கடைசி விக்கெட் விழுகிற வரைக்கும் கேட்டாள். இந்தச் சந்தோஷத்தையாவது முழுசாக அனுபவிக்கட்டும் என்றிருந்தது.

"பெயில்ஸ் எங்கிட்டு பறந்துச்சுங்கிற! கீப்பர் தலைக்கு மேல—" என்று கையை வீசியவன் நின்றான்.

வீசிய கை மெதுவாக இறங்கி வெள்ளைப் பேன்ட்டின் பாக்கெட்டுக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. அவன் முகம் வெளிறிப்போனதை அவள் பார்த்தாள்.

"ஆத்தி" என்றான். "திம்மப்பண்ணே!"

தட்டு உருண்டது. செருப்புக் கூடப் போடாமல் எழுந்து வாசலுக்கு ஓடினான். மேட்சையும் நினைக்கவில்லை, வேலையையும் நினைக்கவில்லை. சத்யாவுக்கு அது போதுமாக இருந்தது. அவள் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ஒண்ணும் ஆகல. அவரு நல்லா இருக்காரு. நில்லுங்க, நில்லுங்கன்றேன்ல!"

பேச்சு கேட்டுத் திம்மப்பனே வெளியே வந்தார். மிஷினை நிறுத்திவிட்டதால் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அழகர்சாமி அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.  நாராயணம்மா வாசலில் நின்றாள்.  அவள் பேசாமல் நின்று சத்யா பார்த்ததே கிடையாது.

"விடப்பா" என்றார் திம்மப்பன். "உன் சம்சாரம் ஓடியாந்துது. கேட்டாண்ட வந்து சொல்லிச்சி."

"கேட்டுலயா?"

"ஆமா" என்றாள் சத்யா. "நான்தான் சொன்னேன். பரமசிவம் அண்ணாகிட்ட சொன்னேன். சூப்பர்வைசரு நாளைக்கு உங்களை வரவேணாம்னு சொல்லிட்டாரு."

அவன் இடிந்துபோய் அங்கேயே படியில் உட்கார்ந்தான். வேலையில் இல்லாதவன் டீமிலும் இல்லை என்பதை யாரும் அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"எந்நேரம் போன?"

"ரெண்டு மணி இருக்கும்."

அவன் யோசித்தான். கணக்குப் போடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அந்நேரம்தான் ரெண்டாவது தடவை பந்தைக் குடுத்தாரு" என்றான். "அந்த மூணு விக்கெட்டும் அப்பத்தான். ரொம்ப நல்லாப் போட்டுக்கிட்டு இருந்தேன் புள்ள."

சொன்னதும் உடைந்து அழுதான். சத்யாவும் அழுதாள். திம்மப்பன் என்ன செய்வதென்று தெரியாமல் அவனை ஒட்டிப் படியில் உட்கார்ந்தார். சத்யா உள்ளே போய் உருண்ட தட்டைக் கழுவி, புதிதாகக் களி வைத்து, திம்மப்பனுக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் கையில் தட்டைக் கொடுத்துவிட்டுக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"அந்த ஓவரை அண்ணாவுக்கும் சொல்லுங்க" என்றாள். "அவரு கேக்கல. முதல் பந்துல இருந்து சொல்லுங்க."

அவன் மூக்கை உறிஞ்சி, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திம்மப்பனின் பக்கம் திரும்பினான்.

"மொதப் பந்து ஆஃப் சைடுல குத்துச்சுண்ணே" என்று ஆரம்பித்தான்.